மிஸி வந்த செவ்வாய்க்கிழமைகள்

பிள்ளைகளே, போன கிழமை மூத்தவள் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு ஃபோன் எடுத்தாள். அவளுக்கு இப்போது ஐந்து மாதம். அங்கே ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா, கெதியாச் சொல்லுங்கோ. எங்கடை ஃபமிலியிலை சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. டிப்ரெஷன் ஆருக்கும் இருந்ததோ?"

நான் ஓட்டிக்கொண்டு வந்த வானை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன். யோசிக்க நேரம் இருந்தது. யோசிக்கவில்லை.

"சீ, எங்கடை ஆக்களுக்கு உதொண்டும் இல்லை" என்றேன்.

அவளும் "ஓகே அப்பா" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் வானை எடுக்கவில்லை. மழைத் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பதில் அன்று என் வாயில் பிறந்த பதில் அல்ல. ஒன்பது வயதில் எனக்குச் சொல்லிப் பழக்கிய பதில். இத்தனை வருடம் கழித்தும் தொட்டவுடனே வந்து விழுகிறது.

ஃபோனில் திருத்திச் சொல்லலாம். எனக்கு அது வராது. எழுதினால் வரும்போல் இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுவதற்குக் காரணம், அந்த நாட்கள் எனக்குத் தமிழில்தான் நடந்தன. சனிக்கிழமை தோறும் உங்களை ஹரோவுக்கு ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ் வகுப்பில் விட்டது கலைவிழாவில் பேசுவதற்காக மட்டும் இல்லை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறையில் இருந்தோம். அப்பா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு கிழமை பகல் ஷிப்ட், ஒரு கிழமை இரவு ஷிப்ட். அவர் வீட்டுக்குள் வந்தால் சீனி கருகிய மணம் வரும். ஊரில் அம்மா பாலர் வகுப்பு ஆசிரியை. சந்தைக்குப் போனால்கூட வழி நெடுகப் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். இங்கே அம்மாவை யாரும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தெருவில் அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் அகதிக் கேஸும் முடியவில்லை. இந்த நாட்டில் இருக்கலாமா இல்லையா என்ற கடிதத்துக்காக அப்பா தினமும் கதவடியைப் பார்ப்பார்.

அந்த ஐப்பசியில் தங்கச்சி பிறந்தாள். உங்கள் மாமிதான். அம்மாவுக்கு நிறைய இரத்தம் போய்விட்டது என்று அப்பா யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது.

எங்கள் ஆட்களில் பிள்ளை பெற்ற பெண்ணை முப்பத்தொரு நாள் எழும்பவிடமாட்டார்கள். மிளகும் உள்ளியும் மல்லியும் வறுத்து அரைத்த சரக்குத்தூளில் கறி, சுறா வறை, நல்லெண்ணெய், சுடுதண்ணீர் முழுக்கு என்று சுற்றி நின்று பார்ப்பார்கள். அதைச் செய்ய நாலைந்து பெண்கள் வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பெரியம்மா. அம்மாவின் தமக்கை. செவன் கிங்ஸில் இருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் சட்டியை வைத்துக்கொண்டு வருவார். சரக்குக் கறி மணத்துக்குப் பஸ்ஸில் பக்கத்து ஆள் எழும்பிப் போய்விட்டான் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். "எனக்கு நல்லதாப் போச்சு, சட்டிக்கும் ஒரு சீற் கிடைச்சுது!"

அந்த முப்பத்தொரு நாளும் அம்மா நன்றாகத்தான் இருந்தார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. முப்பத்தோராம் நாள் வீடு கழுவி, துடக்குக் கழித்து, பெரியம்மா தன் சட்டிகளைக் கட்டிக்கொண்டு போனார். அவருக்கும் வேலை இருந்தது, தையல் தொழிற்சாலையில். அதன் பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடும் காலம். அம்மா விளக்கைப் போட மறந்துவிடுவார். பள்ளிக்கூடத்தால் வந்து நான்தான் போடுவேன். போட்டால் கதிரையில் அம்மா இருப்பது தெரியும்.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. சிறு பிள்ளைக்குத் தெரிந்த மாதிரியே சொல்லுகிறேன். சீப்பு யன்னலடியில் ஒரே இடத்தில் கிடந்தது. நான் அதைப் பென்சிலால் சுற்றிக் கோடு கீறி வைத்தேன், நகருகிறதா என்று பார்க்க. எட்டு நாள் நகரவில்லை. கறியில் உப்பு இருக்காது. ஒரு நாள் இரண்டு தரம் இருக்கும். கேத்தல் கொதித்துக்கொண்டே இருக்கும், யன்னலெல்லாம் ஆவி. விடியப்புறம் முழிப்பு வந்து அதற்குப் பிறகு படுக்கமாட்டார், படியில் போய் இருப்பார். பகலில் படுத்தால் எழும்பமாட்டார். எதையாவது கேட்டால், கேட்டு முடித்து நான் மறந்துபோன பிறகு பதில் வரும்.

தங்கச்சி அழுவாள். அம்மா அவளைப் பார்ப்பார். கீழ் வீட்டில் றேடியோ பாடினால் எப்படிப் பார்ப்போமோ அப்படி. பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல எழும்பிப் பால் கொடுப்பார். கொடுக்கும்போதும் சுவரைத்தான் பார்ப்பார்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "அலுப்பா இருக்கு ராசா" என்பார். தலையிடி என்பார். முதுகு நோ என்பார். ஒரு நாள் "தலைக்குள்ளை பஞ்சை அடைஞ்ச மாதிரி" என்றார். கவலை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அழவும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கவலை வேறு, இது வேறு. கவலை வந்தால் அழலாம், அழுதால் பாரம் குறையும். அம்மாவுக்கு அழுகைகூட வரவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம். அப்பா, "குளிர்தான். வெயில் வரச் சரிவரும்" என்றார். அம்மாவுக்கு இரண்டு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு அதே கதிரையில் இருந்தார். பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுக் கண்ணூறு என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி எடுத்துக் குசினி அடுப்பில் போட்டார். புகை வீடு முழுக்கப் பரவி, எல்லோரும் இருமி, கீழ் வீட்டுக்காரர் தடியால் தன் கூரையை இடித்தார்.

"பாத்தியா, எவ்வளவு கண்ணூறு எண்டு! கீழ் வீட்டுக்காரனுக்கே இருமுது" என்றார் பெரியம்மா.

அன்று அம்மாவின் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்து போனது. எனக்கு அது போதும்போல இருந்தது.

இன்னொரு நாள் பெரியம்மா பொறுமை இழந்து ஏசினார். "எடி, நானும் மூண்டு பெத்தனான். மூண்டாம் நாள் கிணத்திலை தண்ணி அள்ளினனான். உனக்கு இஞ்சை பைப்பைத் திறந்தாச் சுடுதண்ணி. எழும்பிச் சீப்பை எடுத்துத் தலையை இழு!"

"ஓம் அக்கா" என்றார் அம்மா. எழும்பவில்லை.

இனி மிஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் தாதிமாரை மிஸி என்பார்கள். இங்கே பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரத் தாதி இருந்தார். நாங்களும் அவரை மிஸி என்றே சொன்னோம். செவ்வாய்க்கிழமை காலையில் வருவார். நீல நிறக் கோட், சைக்கிளில் வந்தபடியால் சிவந்த மூக்கு. பிள்ளையை நிறுப்பார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி மூன்று கேள்வி கேட்பார். சாப்பிடுகிறாரா? நித்திரை கொள்கிறாரா? மனதுக்கு எப்படி இருக்கிறார்?

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், பேச வராது. அப்பாவின் ஆங்கிலம் தொழிற்சாலைக்கு மட்டும். ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் மொழிபெயர்க்க என்னை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி அனுப்புவார்கள். பல் வைத்தியரிடம் போனேன் என்று துண்டு எழுதித் தருவார் அப்பா. ஆறாவது துண்டைக் கொடுத்தபோது வகுப்பு ஆசிரியர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேலை செய்தும் இந்தப் பற்களா?" என்றார்.

திங்கட்கிழமை பின்னேரமே பெரியம்மா வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமைக்காகத் தையல் தொழிற்சாலையில் நாள் மாற்றிக் கேட்டு வைத்திருந்தார். விடிந்ததும் அம்மாவைக் குளிக்க வார்த்து, தலை இழுத்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, தன்னுடைய நல்ல சீலையை உடுத்தி, கதிரையில் இருத்துவார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணை வெளிக்கிடுத்துகிற மாதிரி. மேசையில் அப்பாவின் தொழிற்சாலை பிஸ்கட். தங்கச்சிக்குப் புதுச்சட்டை. பிறகு எனக்குப் பாடம்.

"மிஸி சாப்பாடு கேட்டா?"

"நல்லாச் சாப்பிடுறா."

"நித்திரை?"

"நல்லாக் கொள்ளுறா."

"மனசு?"

"ஷீ இஸ் ஹப்பி."

"கெட்டிக்காரன். சிரிச்சுக்கொண்டு சொல்லவேணும்."

ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். அப்பா என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார். "தம்பி, தாய்க்கு மனம் சரியில்லை எண்டு தெரிஞ்சா இவங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். வேறை ஆருக்கும் வளர்க்கக் குடுப்பாங்கள். எங்கடை கேஸ் ஃபைலிலையும் எழுதிப்போடுவாங்கள். எழுதினா அழிக்கமாட்டாங்கள்."

அப்பா பொய்க்காரர் இல்லை. அவர் அதை நம்பினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். கோயிலில், கலியாண வீட்டில், யாரோ ஒருவரின் பிள்ளையைக் கவுன்சில்காரர் கொண்டுபோன கதை எப்போதும் இருந்தது. அந்த யாரோ யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். எத்தனை செவ்வாய்க்கிழமை என்று எண்ணவில்லை. மிஸி ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அம்மா நிலத்தைப் பார்ப்பார். மிஸி என் தலையைத் தடவி "கெட்டிக்காரப் பையன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போவார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் பெரியவர்களுக்கே முடியாததை நான் செய்கிறேன், தங்கச்சியை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அப்பா பகல் ஷிப்ட். பெரியம்மா இன்னும் வந்து சேரவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்தேன். அன்று அதிசயமாக விளக்கு எரிந்தது. அம்மா குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோசமாகிவிட்டது. கிட்டப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. அம்மா இன்னும் கழுவிக்கொண்டே நின்றார். காலில் வீட்டுச் செருப்பு, நனைந்து ஊறிப்போய் இருந்தது.

"அம்மா, தங்கச்சி எங்கை?"

அம்மா என்னைப் பார்த்தார். சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

"கொண்டுபோனனான்" என்றார்.

"எங்கை?"

"தோய்க்கிற கடைப்பக்கம்... வண்டிலை விட்டிட்டு..." அதற்கு மேல் வரவில்லை. கை அரிசிக்குள்ளேயே நின்றது.

நான் ஓடினேன். கோட் போடவில்லை. காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடை எங்கள் தெரு முடிவில், மூலை திரும்பினால் வரும். அவ்வளவு தூரம்தான். அதற்குள் நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடை வாசலில் எங்கள் பிள்ளை வண்டில் வெறுமையாக நின்றது. அந்த வெறும் வண்டில் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பச்சை நிறம், ஒரு சில்லுக் கொஞ்சம் கோணல். பின்னாளில் அது எங்கே போனது என்று தெரியாது.

உள்ளே சூடும் சோப் மணமும். அந்தக் கடையைப் பார்த்துக்கொள்பவர் ஜமேக்காவில் இருந்து வந்த, அம்மாவைவிட வயது கூடிய ஒரு பெண். தங்கச்சியை உடுப்புக் கூடைக்குள், அப்போதுதான் காய்ந்து வந்த சூடான துவாய்களுக்கு நடுவில் படுக்க வைத்திருந்தார். அவள் நல்ல நித்திரை.

"உன் அம்மா எங்கே?" என்று கேட்டார்.

"கடையிலே நிற்கிறார். வருவார். அம்மா ஹப்பி" என்றேன். ஒருவரும் கேட்காமலே சொன்னேன்.

அவர் கடைக்கதவில் 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் தெரிய அட்டையைத் திருப்பித் தொங்கவிட்டார். தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டார், அது முழங்கால் வரை வந்தது. வண்டிலைத் தள்ளிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். படியேறி வந்து அம்மாவைப் பார்த்தார். நனைந்த செருப்பைப் பார்த்தார். குனிந்து அம்மாவின் காலில் இருந்து செருப்பைக் கழற்றி வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அம்மாவின் கன்னத்தில் கையை வைத்து, மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கும் இது வந்தது. என் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு. இது போகும், கண்ணே. ஆனால் சொல்ல வேண்டும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார், சொல்லு என்கிற மாதிரி.

நான் சொல்லவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் வெளியில் இருந்து வீட்டுக்குள் ஒன்றைக் கொண்டுவர எனக்குப் பழக்கவில்லை. உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காக்கத்தான் பழக்கியிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் மொழிபெயர்க்காமல் விட்ட அந்த வசனங்கள் போல என்னை உறுத்துவது வேறொன்றும் இல்லை.

பெரியம்மாவும் அப்பாவும் வந்தபோது நான் நடந்ததைச் சொன்னேன். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கதைத்தார்கள். சுவர் மெல்லியது, எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும்தான்.

"இனிக் காட்டத்தான் வேணும். டொக்டரிட்டை" என்றார் அப்பா.

"காட்டி? விசர் எண்டு எழுதட்டும் எண்டுறீங்களோ? நாளைக்கு இந்தப் பெட்டைக் குஞ்சை ஆர் கட்டுவான்?"

"பிள்ளைக்கு நாலு மாசம். கலியாணம் பேசுறீங்கள்!"

பிறகு வந்த பெரியம்மாவின் குரல் அவருடைய குரல் போலவே இல்லை. "எங்கடை சின்னம்மா கிணத்திலை விழுந்தா. கடைசிப் பிள்ளை பிறந்து ரெண்டு மாசம். கால் வழுக்கி விழுந்தா எண்டு ஊருக்குச் சொன்னது. அண்டைக்கு ஒரு சொட்டு மழை இல்லை. கல்லு காஞ்சு கிடந்தது. நான் அப்ப பத்து வயசு. என்னையும் வழுக்கினது எண்டுதான் சொல்லச் சொன்னவை. நானும் சொன்னனான்."

அப்பா கேத்தலை அடுப்பில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியம்மாவை நான் கனகாலம் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தேன். அவர் ஏசியது, மிளகாய் சுற்றியது, பவுடர் பூசியது எல்லாம் பயத்தில் என்று இப்போது தெரிகிறது. தான் ஒரு முறை பார்த்ததை இன்னொரு முறை பார்த்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து, வெளியே காட்டாமல் மூடுவது. மூடி மூடித்தான் சின்னம்மா போனார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாவம், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கதவைத் திறந்து வந்த அப்பா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "தம்பி, நாளைக்கு ஒருக்கா மட்டும் வழக்கம்போலச் சொல்லிவிடு. பிறகு நான் யோசிச்சு ஏதாவது செய்யிறன்" என்றார். நான் தலையாட்டினேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அப்பா வேலைக்குப் போகவில்லை. குளிப்பு, பவுடர், சீலை, பிஸ்கட். மிஸி வந்தார். தங்கச்சியை நிறுத்தார். சாப்பாடு கேட்டார், சொன்னேன். நித்திரை கேட்டார், சொன்னேன். மூன்றாவதைக் கேட்டார்.

"ஷீ இஸ்..." என்று தொடங்கினேன்.

"நோ" என்றார் அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அம்மா நிலத்தைப் பார்க்கவில்லை. மிஸியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நோ ஹப்பி" என்றார்.

அம்மாவுக்கு அந்தச் சொல் முதல் நாளில் இருந்தே விளங்கியிருக்கிறது. பிறந்தநாள் அட்டையில் இருக்கும் சொல்தானே. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தன் பிள்ளை தன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு பொய் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பிறகு அம்மா என்னைக் கிட்ட வரச்சொன்னார். "நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு. ஒண்டும் கூட்டவேண்டாம், ஒண்டும் குறைக்கவேண்டாம்" என்றார். பாலர் வகுப்பில் சொல்வதெழுதச் சொல்லும் குரல். ஊரை விட்டு வந்த பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

"விடியமுன்னம் முழிப்பு வந்திடுது." நான் சொன்னேன்.

"சாப்பாடு மண் மாதிரி இருக்கு." சொன்னேன்.

"பிள்ளை அழுறது கேக்குது. தூக்கக் கை வருகுதில்லை." சொன்னேன்.

"நான் ஒரு உதவாத தாய் எண்டு எந்த நேரமும் தலைக்குள்ளை கேட்டுக்கொண்டு இருக்கு." அதைச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. அம்மா காத்திருந்தார்.

"நேற்று பிள்ளையைத் தெருவிலை விட்டிட்டு வந்திட்டன்."

"வேண்டாமடி!" என்றார் பெரியம்மா. அப்பா எழும்பி நின்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. இதைச் சொன்னால் தங்கச்சி போய்விடுவாள். மிஸியின் கை ஏற்கெனவே அவள் பக்கத்தில்தான் இருந்தது.

"சொல்லு அப்பன்" என்றார் அம்மா என்னிடம். "இதைச் சொல்லாட்டி மற்றது ஒண்டும் அவைக்கு விளங்காது."

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

மிஸி பேனாவைக் கீழே வைத்தார். தங்கச்சியைத் தூக்கினார். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. மிஸி தங்கச்சியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கவில்லை, பிள்ளையின் மேல் அம்மாவின் கையும் அதன் மேல் தன் கையுமாக வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ செய்தது போதும். இனி இது சின்னப் பிள்ளை செய்கிற வேலை இல்லை. நீ பள்ளிக்கூடம் போ."

அடுத்த நாள் அவரோடு தமிழ் தெரிந்த ஒரு தாதி வந்தார். அம்மாவைச் சில கிழமை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், தங்கச்சியையும் அம்மாவோடே வைத்தார்கள். ஒருவரும் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கேஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மா புட்டு அவித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கேயும் பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை இழுத்துவிட்டார்.

டொக்டர் விழுங்கத் தந்த குளிசை வேலைசெய்ய நாள் எடுத்தது. கதையில் வருகிற மாதிரி ஒரு நாள் விடிந்து சுகமாகவில்லை. ஒரு நாள் எழும்புவார், இரண்டு நாள் படுப்பார். கோடை வந்தும் முழுதாகச் சரிவரவில்லை, அப்பா சொன்ன வெயில் வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு நாள் சீப்பு வேறு இடத்தில் கிடந்தது. நான் கீறிய கோட்டுக்குள் சீப்பு இல்லை. அவ்வளவுதான். நான் யாருக்கும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு அது திரும்பவும் வந்தது. அப்போது பிள்ளைப்பேறும் இல்லை, ஒன்றும் இல்லை. எதனால் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரத்தம் போனது, தனிமை, இருட்டு, டீச்சர் என்று கூப்பிட ஆள் இல்லாதது, கிணற்றடிச் சின்னம்மாவின் இரத்தம், எல்லாம் சேர்ந்ததாக இருக்கலாம். அந்த முறை அம்மா தானே கோட்டைப் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனார். "என்னோடை ஆரும் வரவேண்டாம். எனக்குச் சொல்லத் தெரியும்" என்றார்.

இனி எழுதக் கடினமான பகுதி. குசினி அலுமாரியின் மேல் தட்டில் என் பிரஷர் குளிசைக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதுவும் பிரஷருக்கு என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பிரஷருக்கு இல்லை. ஆறு வருடமாகப் போடுகிறேன். நான் வேலையால் வந்து வானை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் இருப்பேனே, அப்பா றேடியோவில் செய்தி கேட்கிறார் என்று சின்னவன் சொல்லுவானே, றேடியோ ஒரு நாளும் போட்டதில்லை, மகன். இறங்க ஏலாமல் இருந்தேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கு மறைத்தேன். பெரியம்மா பவுடர் பூசினார், நான் றேடியோ கேட்டேன்.

நேற்று செவன் கிங்ஸுக்குப் போய், இப்போது அங்கே இருக்கும் உங்கள் அப்பம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரையோ என்று நினைத்தேன். தோய்க்கிற கடைக்காரப் பெண் சொன்னதை நான் சொல்லாமல் விட்ட இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"என்ன சொன்னவ அந்த மனிசி?"

சொன்னேன். நாற்பது வருடம் பிந்தி, தமிழில், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல்.

"நல்ல மனிசி" என்றார் அம்மா. பிறகு, "பேத்தியின்ரை ஃபோமிலை என்ரை பேரை எழுதச் சொல்லு. வடிவா எழுதச் சொல்லு" என்றார்.

மூத்தவளே, அப்பா உனக்கு ஃபோனில் சொன்னது பொய். அந்தக் கேள்விக்கு நேரே ஓம் என்று போடு. அப்பம்மாவின் பெயரை எழுது. அதற்குக் கீழே என் பெயரையும் எழுது. இடம் மிச்சம் இருந்தால் கிணற்றில் விழுந்தவரையும் எழுது. அவர் பெயரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பம்மாவிடம் கேட்டு எழுது.